தொட்டி மீன்களின் நோய்கள்: கேள்வி பதில்

காலையிலிருந்து வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். கேட்கும்போது தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், எந்தத் தண்ணீர், கடைசியாக எவ்வளவு மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் மருந்துப் பெயர் சொல்ல மாட்டேன்.

திருப்பூர்: அண்ணா, ரெண்டடித் தொட்டியில நாலு கோல்ட் ஃபிஷ். ஒரு வாரமா கல்லுல போயி ஒரசிக்கிட்டே இருக்குதுங்க. புள்ளி ஒண்ணும் இல்ல. போர் தண்ணிதான், வாரா வாரம் முழுசாக் கழுவி ஊத்திருவோம். என்ன மருந்து போடறது?

மருந்து வேண்டாம் தம்பி. உரசுவது என்பது மீனுக்கு அரிக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஒரே மீன் உரசினால் அந்த மீனைப் பார்க்க வேண்டும். நாலும் உரசினால் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ரெண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி என்றால் 56 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 லிட்டர் நிற்கும். நாலு கோல்ட் ஃபிஷுக்கு அது குறைவு. அவற்றின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது வளர்ந்து நிலைக்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் வாரா வாரம் கழுவி வெளியே கொட்டிவிடுகிறீர்கள்.

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருக்கும். பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அமோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் இன்னும் கூடும். செவுள் எரிகிறது, மீன் உரசுகிறது.

இரண்டு நாள் தீனி போடாதீர்கள். அமோனியா டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீரை முழுக்க மாற்றாதீர்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். அமோனியா பூச்சியத்துக்கு வந்தும் உரசினால், ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடிக்கொண்டு மூச்சு விட்டால், செவுள் புழுவாக இருக்கலாம். அதற்குப் பிரசிகுவான்டெல் என்ற புழு மருந்து இருக்கிறது. அது அப்புறம்.

கோபி: கோல்ட் ஃபிஷ்க்கு செவுள் மேல வெள்ளைப் புள்ளிங்க. வெண்புள்ளி மருந்து மூணு நாளா ஊத்தறேன், போகவே மாட்டேங்குது.

ஊற்றுவதை நிறுத்துங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் செவுள் மூடியிலும், முன் துடுப்பின் தடித்த முதல் முள்ளிலும் மட்டும், ஒரே அளவில், கோத்து வைத்த மாதிரி இருக்கின்றனவா? அப்படியானால் அது நோயில்லை. ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது வரும் சொரசொரப்பு. வெண்புள்ளி நோய் ரவையைத் தூவியது போல வால், முதுகு, வயிறு என்று கண்ட இடத்தில் வரும். உங்கள் மீன் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது.

பொள்ளாச்சி: எங்களுது நெசமாவே வெண்புள்ளிதானுங்க. மருந்துல மூணு நாள்ல போச்சு, ஒரு வாரத்துல மறுக்கா வந்துருச்சு.

போகவில்லை, கீழே இறங்கியிருந்தது. ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து கல்லில் ஒட்டி, உள்ளுக்குள்ளேயே நூற்றுக்கணக்காகப் பிரியும். அவை வெளிவந்து, இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். மருந்து வேலை செய்வது அந்த நீந்தும் பருவத்தில் மட்டும்தான். புள்ளி மறைந்த அன்று நிறுத்தியது தவறு, மொத்தம் 10 முதல் 14 நாள் தொடர வேண்டும். ஹீட்டரில் மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுழற்சி வேகமாகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். லோச், கெளுத்தி வகை இருந்தால் மருந்து பாதி அளவுதான்.

ஈரோடு: ஃபைட்டர் வால் நுனி கருத்துக் கிழியுது.

கிண்ணத்திலா வைத்திருக்கிறீர்கள்? குறைந்தது 15 லிட்டருக்கு மாற்றுங்கள்.

சேலம் ரோடு, பவானி: மீன் ஒரசுது, என்ன மருந்து?

திருப்பூருக்கு எழுதியதைப் படியுங்கள்.

வடவள்ளி: மாலி மீன் துடுப்பை ஒடுக்கிட்டு நின்ன இடத்துலயே நெளியுதுங்க. சிறுவாணித் தண்ணிதான் ஊத்தறோம், அதுக்கு மேல நல்ல தண்ணி ஏது?

நமக்கு நல்ல தண்ணீர், மாலிக்கு இல்லை அம்மிணி. சிறுவாணி மென்மையான தண்ணீர். மாலிக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீர் வேண்டும். வீட்டில் உப்புத் தண்ணிக் குழாய் இருக்குமே, அதை நாளுக்குக் கொஞ்சமாக ஒரு வாரத்தில் பாதிக்குப் பாதி கலந்துவிடுங்கள்.

பல்லடம்: அப்ப எங்க போர் தண்ணியே உப்புத் தண்ணி. மீனுக்குச் சீக்கு வந்தா உப்புப் போடச் சொல்றது எதுக்குங்க?

இந்தக் குழப்பம் நம் பேச்சு வழக்கிலிருந்து வருகிறது. நாம் உப்புத் தண்ணி என்பது பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் கலந்த தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது. வைத்தியத்துக்குப் போடுவது கல் உப்பு, சோடியம் குளோரைடு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

காங்கேயம்: நான் இருவது வருசமா வாரம் ஒரு கைப்பிடி கல் உப்புப் போடறேன். ஒரு மீன் சீக்குல விழுந்ததில்ல.

ஐயா, தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கைப்பிடி 50 கிராம், தொட்டி 50 லிட்டர் என்று வைப்போம். நீங்கள் வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறவராக இருப்பீர்கள், அதனால் தப்பித்தீர்கள். தண்ணீரை மாற்றாமல், ஆவியாகிக் குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புகிறவர் இதைச் செய்தால் பத்து வாரத்தில் லிட்டருக்கு 10 கிராம் நிற்கும். கடலே லிட்டருக்கு 35 கிராம்தான். செடி முதலில் கருகும். உப்பு மருந்து. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம், தனியாகக் கரைத்து, ஒரு நாளில் பிரித்து ஊற்ற வேண்டும். குணமானதும் தண்ணீர் மாற்றி மாற்றி வெளியேற்ற வேண்டும்.

பல்லடம்: போர் தண்ணியில குளோரைடும் இருக்குமுங்களே? ரிப்போர்ட்ல போட்டிருக்கான்.

சரியான கேள்வி. இருக்கும், சில கிணறுகளில் நிறையவே இருக்கும். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறுவதைக் குளோரைடு தடுக்கும், ஆகவே அந்த ஒரு விஷயத்தில் உங்கள் தண்ணீர் மீனுக்குக் கொஞ்சம் காவல். நான் மேலே சொன்னதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். வெண்புள்ளிக்கு அது போதாது. டி.டி.எஸ். மீட்டர் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது எல்லா உப்பையும் ஒன்றாகத்தான் கூட்டிக் காட்டும்.

அந்தியூர்: கிணத்துல விட்ட கெண்டை மேல நூலாட்டம் தொங்குது.

நங்கூரப் புழு. சாப்பிடும் மீன் என்பதால் தொட்டி மருந்து எதையும் ஊற்றாதீர்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

தாராபுரம்: ஆஸ்கார் வயிறு வீங்கி, செதிலெல்லாம் பலாக்காயாட்டம் தூக்கிட்டு நிக்குது.

செதில் அப்படி நின்ற பிறகு பெரும்பாலும் பிழைப்பதில்லை. தனியே எடுத்து வையுங்கள், மற்ற மீன்களுக்காக இன்றே தண்ணீரைச் சோதியுங்கள்.

பெருந்துறை: ஒரசுதுன்னு தண்ணிய முழுசா மாத்தினேன், இன்னும் ஒரசுது.

முழுக்க மாற்றாதீர்கள் என்று மேலே திருப்பூருக்கு எழுதியிருக்கிறேன்.

திருப்பூர்: அண்ணா, கிட் வாங்கிப் பாத்தேன். பச்சையாக் காட்டுது, 2-ங்கிற கட்டத்துல.

அதுதான் தம்பி. இன்று மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள், நாளைக் காலையும் அதே அளவு. தண்ணீரை ஒரு நாள் முன்பே பிடித்து வைத்து, தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். சாயங்காலம் மறுபடி சோதித்து எண்ணைச் சொல்லுங்கள், நான் இருக்கிறேன்.