பெயின்ட் ரிமூவர் தொட்டியில் வேலை செய்ய கேட்ரிட்ஜ் மாஸ்க் போதுமா?

இரும்புப் பாகங்களைத் தொட்டியில் முக்கிப் பழைய பெயின்டை உரிக்கும் வேலை, கம்பெனியில் கேட்ரிட்ஜ் மாஸ்க் (காற்றைக் கரி வடிகட்டி வழியே இழுக்கும் முகமூடி) கொடுத்திருக்கிறார்கள், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதே மாதிரிப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவன். முதலில் ட்ரம்மின் லேபிளைப் பாருங்கள். மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் (இரண்டும் ஒரே திரவத்தின் பெயர்கள்) என்று போட்டிருந்தால், போதாது.

இந்தத் திரவம் சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அறை வெப்பத்தில் மூடி திறந்திருந்தாலே ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி கேட்ரிட்ஜில் உள்ள கரியைச் சீக்கிரமே கடந்து வந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகள் இதற்கு வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் முகமூடியைக் கேட்கின்றன. 8 மணி நேரச் சராசரிக்கு அவர்கள் வைத்த வரம்பு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு ஆவி. வாசனை வந்தால் வெளியே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள்; பெரும்பாலானோருக்கு மூக்கில் ஏறுவதற்குள் அந்த அளவு எப்போதோ தாண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கும் பழகிவிடும்.

ஆவி காற்றைவிட ஏறக்குறைய 3 மடங்கு கனம். தொட்டிக்குள்ளும் தரையோரமும்தான் தேங்கும். கூரையில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனால் பெரிய பயன் இல்லை; சில இடங்களில் அது ஆவியை உங்கள் முகத்தைத் தாண்டித்தான் மேலே இழுக்கிறது. தொட்டியின் விளிம்பிலேயே உறிஞ்சும் அமைப்பு வேண்டும். மாஸ்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் நிர்வாகத்திடம் இதைத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் வெக்கை என்று தள்ளிவிடாதீர்கள். இது மயக்க மருந்து மாதிரி மூளையை மந்தமாக்கும். அதோடு, உடல் இதைக் கார்பன் மோனாக்சைடாக, அதாவது ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கும் வாயுவாக மாற்றுகிறது. வேலை முடித்து வெளியே வந்த பிறகும் அது சில மணி நேரம் தொடரும். இதய நோய் உள்ளவரை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது.

கையுறை விஷயம் தனி. மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பல அடுக்கு லேமினேட் கையுறை கேளுங்கள்.

அப்புறம், அடியில் தேங்கிய கசடை வார யாரையாவது தொட்டிக்குள் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், காற்றுக் குழாய் முகமூடி இல்லாமல் பின்னால் குதிக்காதீர்கள். இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார்.