மவுண்டன் பைக்கில் புதிதாக வருவதில் எதற்குக் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்?

உங்கள் கேள்வி இதுதான்: கையில் இருப்பது 2015 மாடல் ஃபுல் சஸ்பென்ஷன் பைக். 27.5 அங்குலச் சக்கரம், முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 10, பின் ஹப் 142 மி.மீ. வயர்லெஸ் கியர், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) வழியாக ஓடும் கேபிள், 64 டிகிரி ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க் பிடிக்கும் குழாயின் சாய்வு) என்று இப்போது கடையில் காட்டுவதெல்லாம் தேவையா, இல்லை பழையதிலேயே எதையாவது மாற்றினால் போதுமா?

ஃபிரேமில் விரிசலோ, பிவட் பேரிங் உட்காரும் இடத்தில் தளர்வோ இல்லையென்றால் பைக்கை மாற்ற வேண்டாம். டயர், டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் தண்டு), கியர் என்ற வரிசையில் செலவழியுங்கள். புதுப் பாகம் வாங்கிய அன்று எப்படி ஓடுகிறது என்பது இரண்டாம்பட்சம். மூன்று வருடம் கழித்துத் தேயும்போது, பாறையில் அடிபடும்போது, அதோடு சேர்த்து வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும் என்று முதலில் பாருங்கள். கடந்த பத்து வருடத்தில் வந்த மாற்றங்களை இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வடிகட்டிவிடலாம்.

டயரும் டியூப்லெஸ்ஸும் (உள்டியூப் இல்லாமல், சீலண்ட் என்ற அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டுவது) முதலில். ரிம்மின் உள் அகலம் 25 மி.மீ. இருந்தால் 2.4 டயர் நன்றாக உட்காரும். பழைய ரிம்கள் பல 19 முதல் 23 மி.மீ.தான், அவற்றில் 2.3-ஐத் தாண்ட வேண்டாம். குறைந்த காற்றில் வளைவில் டயர் பக்கவாட்டில் மடங்கும். ரிம்மின் உள்ளே ஒட்டும் டேப் அதன் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ரிம்மைத் துடைத்து, வால்வ் ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆரம்பித்து, நன்றாக இழுத்து ஒட்டி, 10 செ.மீ. மேலேறும்படி முடியுங்கள். வால்வ் ஓட்டையைக் கத்தியால் சிலுவை மாதிரி கீறாதீர்கள். கீறல் நீண்டு காற்று ரிம்முக்குள் இறங்கும். சூடேற்றிய ஊசியால் சின்ன வட்டமாகத் துளைத்தால் ஓரம் உருகி நிற்கும். ஒட்டிய பிறகும் காற்று இறங்குகிறதா? ஸ்போக் நிப்பிளில் சீலண்ட் கசிந்தால் குற்றம் டேப்பில், டயரில் அல்ல.

27.5 சக்கரத்துக்கு 90 மில்லி சீலண்ட், 29-க்கு 100 முதல் 120. நம் ஊர் வெயிலில் லேடெக்ஸ் சீக்கிரம் காயும், பாட்டிலில் போட்டிருக்கும் மாதக் கணக்கை நம்ப வேண்டாம். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். 75 கிலோ ஆளுக்கு முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம். பின் ரிம் பாறையில் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 கூட்டுங்கள்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன், சமீபத்தில் வந்ததில் கிட்டத்தட்ட யாருமே குறை சொல்லாத பொருள் வால்வ்தான். பிரெஸ்டா என்ற வழக்கமான ஒல்லி வால்வின் மெல்லிய துளை சீலண்ட்டில் அடைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அகலத் துளை வால்வுகளும், 2024-ல் ஷ்வால்பே டயர் கம்பெனி கொண்டுவந்த கிளிக் வால்வும் அதைத் தீர்த்தன. ரிம்மை மாற்ற வேண்டாம், டயரை மாற்ற வேண்டாம். அதே ஆண்டு அவர்கள் விட்ட ரேடியல் டயரும் பிடிப்பில் நன்றாக இருக்கிறது. பக்கச்சுவர் நெகிழ்வு அதிகம் என்பதால் வழக்கமான காற்றைவிடச் சில பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டிவிட்டு 'டயர் அலைகிறது' என்று திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

டிராப்பர் போஸ்ட்டுக்கு முதலில் அளவு எடுங்கள். சீட் டியூபின் உள் விட்டம் பெரும்பாலும் 30.9, 31.6, 34.9 மி.மீ. என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். இருக்கும் போஸ்ட்டின் அடியிலேயே பொறித்திருப்பார்கள். பெடல் மிதிக்கும் உயரத்தில் சீட்டை வைத்து, கிளாம்ப்பின் மேல்விளிம்பிலிருந்து சீட் ரெயில் வரை அளந்து பாருங்கள். 220 மி.மீ. வந்தால், தலைப்பகுதி உயரம் 50 போக 170 மி.மீ. டிராப்பர் சரியாக உட்காரும். பலர் இதோடு நிறுத்திவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு இறங்கும் என்பதும் வேண்டும்: 170 மி.மீ. போஸ்ட்டுக்கு ஃபிரேமுக்குள் ஏறக்குறைய 260 மி.மீ. நேரான குழாய் தேவை. பழைய ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேம்களில் பிவட்டோ வளைவோ 200-லேயே மறிக்கும். அப்படியானால் 125-தான் உங்களுக்கு. கேபிள் உள்ளே போக ஓட்டை இல்லையென்றால் வெளிக்கேபிள் டிராப்பர் இன்னும் கிடைக்கிறது. ஃபிரேமை நீங்களே துளைக்காதீர்கள். மாட்டிய பிறகு போஸ்ட் மெதுவாக ஏறினால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் சீட் கிளாம்ப்பைத் தளர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் இறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கியர். 2012-ல் ஸ்ராம் என்ற பாகக் கம்பெனி முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11 என்று கொண்டுவந்தபோது 'ஏற்றத்தில் செத்தோம்' என்று முணுமுணுத்தவர்கள்கூட இன்று திரும்பிப் போக மாட்டார்கள். முன் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் கருவி) போனால் செயின் விழுவதும் சேறு அடைப்பதும் பாதி குறையும், டிராப்பர் நெம்புகோலுக்கு இடது பக்கத்தில் இடமும் கிடைக்கும். ஆனால் 10 பல் சிறு கியர் உள்ள 12 வேகக் கேசட்டுக்கு (பின் பல்சக்கர அடுக்கு) ஸ்ராமின் எக்ஸ்.டி (XD) அல்லது ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் (கேசட் ஏறும் ஹப் பகுதி) வேண்டும். பழைய ஹப்புக்கு அது கிடைக்காமல் போனால் ஹப், அப்புறம் ஸ்போக், கடைசியில் சக்கரமே என்று செலவு நீளும். உங்கள் பைக்குக்கு ஷிமானோ டியோர் எம்5100 தான் பொருத்தம். 11 வேகம், 11-51 பல், இப்போது இருக்கும் ஃப்ரீஹப்பிலேயே ஏறும். கேசட் 600 கிராமுக்கு மேல் கனம், அது உண்மைதான்.

கணக்கைப் பாருங்கள். பழைய 24-36 ஏற்றக் கியர் 0.67, புதிய 32-51 கியர் 0.63, அதாவது இன்னும் இலகு. இறங்கும்போது 38-11 தந்த 3.45 இப்போது 2.91 ஆகும். மலைப்பாதையில் அந்த வேகத்தில் யாரும் பெடல் மிதிப்பதில்லை. தார் ரோட்டில் மட்டும் கால் சுற்றும்.

மாற்ற வேண்டியவை கேசட், கிளட்ச் உள்ள எம்5100 டீரெய்லர், ஷிஃப்டர், 11 வேகச் செயின், அகலமும் குறுகலுமாக மாறிமாறிப் பல் உள்ள முன் சக்கரம், ஒற்றைச் சக்கரத்துக்கான குட்டை போல்ட். இந்தக் கடைசிப் பொருளைத்தான் மறந்துவிடுவார்கள். பழைய போல்ட்டைப் போட்டால் இறுகின மாதிரி தெரியும், சக்கரம் ஆடும். கேசட் லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர். செயின் நீளத்தை அளக்கும் முன் ஷாக்கின் காற்றை இறக்கி, பின் ஆக்ஸில் கிராங்கிலிருந்து அதிகம் விலகும் நிலைவரை சஸ்பென்ஷனை அமுக்குங்கள். டீரெய்லரில் கோர்க்காமல் பெரிய-பெரிய சக்கரங்களைச் சுற்றி அளந்து, கையேடு சொல்லும் கண்ணிகளைக் கூட்டுங்கள். நின்ற நிலையில் அளந்து வெட்டினால், பெரிய கியரில் ஒரு குழியில் இறங்கும்போது செயின் இழுபட்டு டீரெய்லரும் அதை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கரும் ஒன்றாகப் போகும். பி-ஸ்க்ரூவை (டீரெய்லருக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியை வைக்கும் திருகு) நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவரை விட்டு வைக்கச் சொல்லுங்கள். பைக் ஸ்டாண்டில் தொங்கும்போது வைத்த இடைவெளி, ஆள் ஏறியதும் மாறிவிடும்.

வயர்லெஸ்ஸுக்கு வருவோம். ஸ்ராம் 2023-ல் விட்ட டிரான்ஸ்மிஷனில் ஹேங்கரே கிடையாது. டீரெய்லர் நேராக ஃபிரேமையும் ஆக்ஸிலையும் பிடித்துக்கொள்கிறது. ஹேங்கர் வளைந்து கியர் எகிறும் தொல்லை ஒழிந்தது, ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றலாம். செயினைத் தாவ வைக்கும் பல் வரும்வரை காத்திருந்துதான் அது மாற்றும். அதனால் ஒரே நேரத்தில் நான்கு கியர் இறக்க நினைப்பவர்களுக்கு அது மந்தமாகத் தெரியும். பழைய 10-52 கேசட்டில் 42-லிருந்து 52-க்கு ஒரே தாவலாக இருந்ததைக் கடைசி மூன்று 38, 44, 52 என்று திருத்தியது நல்ல காரியம். பேட்டரி ஏறக்குறைய 20 மணி நேர ஓட்டத்துக்கு வரும். உங்கள் ஃபிரேமில் யு.டி.எச். (பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஹேங்கர் அளவு) ஹேங்கர் இடம் இல்லாததால் அது ஏறவே ஏறாது. பேச்சு அதோடு முடிந்தது. 2025-ல் கேபிள் வடிவிலும் அதே அமைப்பு வந்துவிட்டது. பேட்டரியைவிட ஹேங்கர் இல்லாத அந்தப் பிடிமானம்தான் பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு அது போதும்.

ஜியாமெட்ரிதான் பழைய பைக்கில் காசு கொடுத்து முழுதாகத் தீர்க்க முடியாத இடம். அன்றைய டிரெயில் பைக்கில் ஹெட் ஆங்கிள் 67, 68; இன்று 64, 65. சீட் ஆங்கிள் 73-லிருந்து 76, 77-க்கு நிமிர்ந்தது. செங்குத்தான ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்காமல் இருப்பதற்கு இந்த இரண்டாவதுதான் காரணம், ஆனால் விளம்பரத்தில் முதலாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். உங்களால் முடிந்தது: 70 மி.மீ. ஸ்டெம்மை 50 ஆக்குங்கள், 760 மி.மீ. ஹேண்டில்பார் போடுங்கள். ஹெட்டியூப் அனுமதித்தால் 1 டிகிரி சாய்க்கும் ஹெட்செட் உண்டு. ஃபோர்க்கை 10 மி.மீ. நீட்டினால் அரை டிகிரி சாயும், ஆனால் சீட் ஆங்கிளும் கூடவே சாயும். ஏற்றத்தில் அதைத் திட்டுவீர்கள். 63 டிகிரிக்குப் போன பைக்குகளைப் பற்றி முணுமுணுப்பும் நியாயம்தான். மேடு பள்ளம் குறைந்த பாதையில் முன் சக்கரம் அலையும், உடல் எடையை வலிந்து முன்னால் கொடுத்தால்தான் பிடிக்கும்.

ரைடர்கள் ஒன்றுகூடித் திட்டுவது ஹெட்செட் வழியாகக் கேபிள் விடுவதைத்தான், நானும் அந்தக் கூட்டத்தில்தான். பார்க்கச் சுத்தமாக இருக்கும். மேல் பேரிங் தேய்ந்தால் பின் பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டும்; கழற்றினால் நுனியை வெட்டி, புது ஆலிவ்வும் பார்பும் (ஹோஸ் நுனியை இறுக்கும் சின்னப் பாகங்கள்) போட்டு, ப்ளீட் செய்ய (உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற) வேண்டும். பேரிங் மாற்றுகிற சின்ன வேலை பிரேக் வேலையாகிவிடுகிறது. மழைத்தண்ணீர் கேபிள் வழியே அதே பேரிங்கில்தான் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஃபிட் (மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும்) பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் சுழலும் பேரிங், கதையும் இப்படித்தான். ஃபிரேமின் துளை ஒரு மயிரிழை வட்டம் பிசகினாலும் கீச்சிடும். பல கம்பெனிகள் சத்தமில்லாமல் மரையிட்ட பி.எஸ்.ஏ.வுக்குத் திரும்பிவிட்டன. உங்களுடையது கீச்சிட்டால் முதலில் பெடல், செயின்ரிங் போல்ட், சீட் போஸ்ட், பின் ஆக்ஸில் ஆகியவற்றைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்து இறுக்குங்கள். அதிலும் போகாவிட்டால் இரண்டு கப்பும் உள்ளே ஒன்றோடொன்று மரையில் இறுகும் வகையைப் போடலாம். அகல ஹப்பான பூஸ்ட் 148 வந்தபோது 142 சக்கரங்கள் அநாதையாயின. 142 ஹப்பை ஸ்பேசர் போட்டு 148 ஃபிரேமில் ஏற்றலாம், 148 ஹப்பை 142 ஃபிரேமில் ஏற்ற முடியாது. ஆகவே கைமாற்றுச் சக்கரம் வாங்கும்போது கவனம்.

பிரேக்கில் பெரிய ரோட்டாரும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் பழைய ஃபோர்க்கிலும் ஏறும், முன்னால் 180-லிருந்து 203-க்குப் போக அடாப்டர் ஒன்று போதும். ஃபோர்க் தயாரிப்பாளர் எவ்வளவு வரை அனுமதிக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷிமானோ ரோட்டார் 1.8 மி.மீ., 1.5-க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். டாட் (DOT) பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், மினரல் ஆயில் உறிஞ்சாது. ஸ்ராமும் மேவன் பிரேக்கில் மினரல் ஆயிலுக்கு வந்துவிட்டது. ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் சீல் உப்பி, லீவர் திரும்பாது.

ஐட்லர் (செயினை வழிநடத்தும் கூடுதல் பல்சக்கரம்) வைத்த ஹை பிவட் (பின் கீல் உயரத்தில் உள்ள) ஃபிரேம் டவுன்ஹில் ஓட்டுபவர்களுக்கானது. தேய ஒரு பல்சக்கரம் கூடுதல். டீரெய்லருக்குப் பதிலாகக் கிராங்க் இருக்கும் இடத்தில் உட்காரும் பினியன் கியர்பாக்ஸுக்கு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும், ஆனால் அதற்கென்றே செய்த ஃபிரேம் வேண்டும். 32 அங்குலச் சக்கரம் இப்போதுதான் வந்திருக்கிறது. டயர் வகை கடையில் பெருகும்வரை அதைத் தொடாதீர்கள்.

நாளைக்குப் புது ஃபிரேமே வாங்குவதானால் பி.எஸ்.ஏ. மரை, யு.டி.எச். ஹேங்கர், கேபிள் ஹெட்டியூபின் பக்கவாட்டில் நுழைவது ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். யு.டி.எச். போல்ட் இடது மரை, 25 நியூட்டன் மீட்டர். வழக்கமான பக்கம் திருகிக் கழற்றப் பார்த்து மரையைக் கெடுத்த ஃபிரேம் கைமாற்றுக்கு வரும், அதனால் கடையிலேயே ஹேங்கரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.