304 என்ற எண்ணை வைத்து ஒரு விண்கப்பலைத் தேடுவது

கேள்வி: 1990 வாக்கில் ஒரு கணினியில் விண்வெளி விளையாட்டு ஒன்றை ஆடியிருக்கிறேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்துகள், படம் என்று எதுவும் கிடையாது. நான்தான் கப்பலின் தலைவன். கட்டளையைத் தட்டினால் கப்பல் நகரும், சுடும். 304, 007 என்று மூன்று இலக்க எண்கள் கட்டம் கட்டமாக வரும். பெயர் ‘ஸ்டார் கமாண்டர்’ என்பதுபோல ஏதோ ஒன்று. அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் சம்பந்தமில்லாதவையே வருகின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்தப் பெயரை ஒதுக்கி வையுங்கள். இத்தகைய தேடல்களில் ஆளை அதிகம் அலைக்கழிப்பது பெயர்தான். அன்றைய கணினிகளின் இயங்குதளமான டாஸ் காலத்தில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துகள்தான் இடம். நகலெடுத்துக் கொடுத்தவர் தமக்குத் தோன்றியதை வைத்திருப்பார். அதுவே உங்கள் நினைவில் விளையாட்டின் பெயராகத் தங்கியிருக்கும். நிறம், ஒலி பற்றிய நினைவையும் நான் நம்புவதில்லை. வெடிச்சத்தம் கேட்டது என்று பல வருடங்கள் சாதித்த ஒரு விளையாட்டைக் கடைசியில் கண்டுபிடித்து ஓட்டிப் பார்த்தேன். அது வாயே திறக்கவில்லை. விரல்கள் தட்டியது மட்டும் அவ்வளவு எளிதில் மாறாது. ஆகவே என் கேள்வி ஒன்றுதான்: என்ன தட்டினீர்கள்?

உங்கள் கடிதத்தில் பொன்னான தடயம் அந்த 304. ‘ஸ்டார் டிரெக்’ என்ற எழுத்து விளையாட்டின் வம்சத்தில், தொலைதூர ஸ்கேன் கேட்டால் மூன்றுக்கு மூன்று கட்டம் ஒன்று வரும். நடுக்கட்டம் நீங்கள் இருக்கும் இடம், சுற்றிலும் பக்கத்து மண்டலங்கள். நூறின் இடத்தில் எதிரிக் கப்பல்கள், பத்தின் இடத்தில் உங்கள் தரப்பின் விண்தளங்கள், ஒன்றின் இடத்தில் நட்சத்திரங்கள். 304 என்றால் மூன்று எதிரிகள், தளம் இல்லை, நான்கு நட்சத்திரங்கள். 007 என்றால் ஏழு நட்சத்திரங்கள் மட்டும், நிம்மதியாகப் போகலாம். நடு இலக்கம் பெரும்பாலும் பூச்சியமாகவும் எப்போதாவது 1 ஆகவும் இருந்ததா? அப்படியென்றால் குடும்பம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

இந்தக் குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேடும் வழி அதற்குள்தான் இருக்கிறது. 1971இல் மைக் மேஃபீல்டு என்ற பள்ளி மாணவர் சிக்மா 7 என்ற பெரிய கணினியில், பேசிக் என்ற எளிய நிரல் மொழியில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். 1974இல் பாப் லீடம் அதை விரித்து ‘சூப்பர் ஸ்டார் டிரெக்’ ஆக்கினார். 1978இல் டேவிட் ஆல் தொகுத்த ‘பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்’ புத்தகத்தில் அதன் நிரல் வரிக்கு வரி அச்சாகி வந்தது. வாசகர்கள் அதைப் பார்த்துத் தாங்களே தட்டச்சு செய்துகொள்ள வேண்டும். தட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? எதிரியின் பெயரை மாற்றினார்கள், டார்பிடோவின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், தலைப்பில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அதனால் நீங்கள் ஆடியதற்கு ‘அசல்’ என்று ஒன்று இல்லாமலே போகலாம். முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள், பிள்ளையைப் பிறகு அடையாளம் காணலாம்.

சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் கட்டளை கொடுக்க வேண்டியிருந்ததே, அதற்கும் காரணம் உண்டு. இந்த விளையாட்டு பிறந்தபோது பல இடங்களில் திரையே கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம் காகிதத்தில் விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் அடித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே வரைபடத்தை அடிக்கத் தொடங்கினால் பொழுது அதிலேயே கழிந்துவிடும். திரை வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

குடும்பத்துக்குள் கிளையைப் பிரிக்க, கப்பலை எப்படித் திருப்பினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நான் நம்பும் கைரேகை அதுதான். 1978 வடிவத்தில் திசைக்கு 1 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும். 1 என்றால் வலப்புறம், 3 மேலே, 5 இடப்புறம், 7 கீழே. கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். இரண்டு திசைகளுக்கு நடுவே போக 1.5 என்றும் கொடுக்கலாம். கட்டளைகள் மூன்றெழுத்து: நகர என்.ஏ.வி., தொலைதூர ஸ்கேனுக்கு எல்.ஆர்.எஸ்., டார்பிடோவுக்கு டி.ஓ.ஆர்., பதவியைத் துறக்க எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ். தொடக்கத்தில் ஆற்றல் 3000, டார்பிடோ 10. மண்டலங்களுக்கு ‘ஆன்டாரிஸ்’, ‘ரைஜெல்’, ‘வேகா’ என்று பெயர்கள் இருந்தன. கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே நட்சத்திரக்குறி வந்தால் அது உங்கள் கப்பல். இவற்றில் இரண்டு ஒத்துப்போனாலே போதும்.

திசையைப் பாகைகளில் கொடுத்ததாக நினைவிருந்தால் கதை வேறு. யூனிக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினியில் ஆடியிருந்தால், எரிக் ஆல்மன் எழுதிய ‘டிரெக்’காக இருக்கலாம். டாஸ் கணினியில், எந்தத் தரப்புக்குப் போரிடுவது என்று தேர்ந்தெடுத்துப் பல கப்பல்களுடன் மோதியிருந்தால், 1984இல் வந்த ‘பிகின்’ என்ற போர் விளையாட்டைப் பாருங்கள். சுடுவதைவிட வாங்கி விற்றதுதான் அதிகம், ஒரு நாளைக்கு இத்தனை நகர்வுதான் என்ற கட்டுப்பாடும் இருந்தது என்றால் அது தொலைபேசி இணைப்பில், மோடம் வழியாக ஆடிய ‘டிரேட் வார்ஸ்’ வகை. பத்து விநாடிக்கு ஒருமுறை எவ்வளவு எரிபொருள் எரிப்பது என்று மட்டும் கேட்டிருந்தால் நிலவில் இறங்கும் விளையாட்டு. ஜிம் ஸ்டோரர் 1969இல் எழுதியதன் வாரிசு. எண்களே இல்லாமல் ‘கதவைத் திற’, ‘விளக்கை எடு’ என்று வாக்கியங்களாகத் தட்டியிருந்தால், அது கதை விளையாட்டு. அதைத் தேடும் இடமே வேறு.

இன்னொரு தடயத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். விளையாட்டு முடிந்ததும் திரையின் அடிவரிசையில் ‘1லிஸ்ட் 2ரன் 3லோட்’ என்று ஒரு வரி தெரிந்ததா? அப்படியென்றால் அது டாஸ் கணினிகளோடு வந்த ஜி.டபிள்யூ. பேசிக் அல்லது அதன் உறவுக்காரர். தேட வேண்டியது ‘பாஸ்’ (.BAS) என்று பெயர் முடியும் கோப்பை.

இனி தேடல். ‘பழைய விண்வெளி விளையாட்டு’ என்று தேடிப் பயனில்லை. திரையில் வந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில், அதன் எழுத்துப்பிழையோடு, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். கேடயம் குறைந்தபோது வந்த எச்சரிக்கை, தோற்றபோது கிடைத்த வசவு, எது நினைவிருந்தாலும் சரி. நிரல் வெளியாகியிருந்தால் அந்த வாக்கியம் அதற்குள் அப்படியே இருக்கும். கிடைக்காவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்குப் போங்கள். அங்கே டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடிப் பார்க்கலாம். 1990களில் நூற்றுக்கணக்கான இலவச நிரல்களைத் திணித்து விற்ற சிடிக்களும் அங்கே உண்டு. அந்தச் சிடிக்களின் வயிற்றுக்குள் புகுந்து தேட ‘டிஸ்க்மாஸ்டர்’ என்ற தளம் இருக்கிறது; சுருக்கப்பட்ட கோப்புகளுக்குள்ளும் அது எட்டிப் பார்க்கும். மோபிகேம்ஸ் என்ற விளையாட்டுத் தகவல் தளத்தின் பட்டியலும் உதவும்தான், ஆனால் கடையில் விற்ற விளையாட்டுகளுக்கே அது அதிகம் பொருந்தும். கையால் தட்டிப் பரவியவற்றுக்கு அதை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

உங்களிடமோ அன்று உடன் ஆடியவரிடமோ பழைய ஃபிளாப்பி கிடைத்தால், எதையும் எழுதாதபடி பூட்டிவிட்டு முதலில் முழு நகல் எடுங்கள். மூன்றரை அங்குல வட்டுக்கு யு.எஸ்.பி. டிரைவ் போதும், ஐந்தேகால் அங்குலத்துக்கு அது ஆகாது, அந்தக் காலத்து டிரைவும் அதை இணைக்கும் தனிக் கருவியும் வேண்டும். கிடைத்த ‘பாஸ்’ கோப்பை நோட்பேடில் திறந்து, குப்பையாகத் தெரிகிறதே என்று அழித்துவிடாதீர்கள். பேசிக் தன் கட்டளைகளைச் சுருக்கிச் சேமிக்கும், அவ்வளவுதான். ‘பிசி பேசிக்’ என்ற இலவச நிரலில் ஏற்றி ‘லிஸ்ட்’ கொடுத்தால் வரிகள் பெரும்பாலும் வந்துவிடும். முதல் சில வரிகளில் யார் எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பு இருக்கவும் கூடும்.

ஏதாவது ஒன்று கையில் சிக்கியதும் தலைப்புத் திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தொடங்குங்கள், நகர்வதற்கான கட்டளையைக் கொடுங்கள், திசை 3 என்று தட்டுங்கள். கப்பல் மேலே போகிறதா, கை அடுத்து எதைத் தட்டப் போகிறது என்று பாருங்கள். கை தயங்கி நின்றால், எந்த இடத்தில் நின்றது என்பதைக் குறித்து எனக்கு எழுதுங்கள். அடுத்த கிளையை அங்கிருந்து தேடுவோம்.