களியை விட்டால் எடை குறையுமா?

கேள்வி: வயது 36. சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம், ஓசூரில் ஷிப்ட் வேலை. மூன்று வருடத்தில் 72 கிலோவிலிருந்து 84க்கு வந்துவிட்டேன். சித்தப்பா மகன் சோறு, களி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முட்டை, பன்னீர், கறி என்று சாப்பிட்டு பத்து நாளில் 3 கிலோ இறங்கிவிட்டான். 'மாவுச்சத்துதான் எமன், கலோரி கணக்கெல்லாம் பொய்' என்கிறான். அம்மாவோ, 'ராகி தின்னா உடம்பு ஏறாது' என்கிறார். எனக்குத் தினமும் ரெண்டு வேளை களி. நைட் ஷிப்டில் நாலைந்து டீ, மிக்சர் உண்டு. யார் சொல்வது சரி?

பதில்: அம்மாவிடமிருந்து தொடங்குவோம். 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி. அதே அளவு அரிசியில் 350க்குக் கொஞ்சம் மேல். ராகியின் பலம் வேறு இடத்தில்: நார்ச்சத்து 11 கிராம் அளவுக்கு இருக்கிறது, தீட்டிய அரிசியில் மூன்றுகூடத் தேறாது. அதனால்தான் களி தின்றால் பசி தாங்குகிறது. ஆனால் நம் பக்கத்தில் நொய்யும் போட்டுக் கிண்டுகிறோம். பெரிய உருண்டை ஒன்றுக்கே 100 கிராம் மாவு போய்விடும். காட்டில் நாளெல்லாம் களை வெட்டியவர்களுக்கு அது சரியான சாப்பாடு. கம்பெனி பஸ்ஸில் போய் மெஷின் முன்னால் நிற்கிறவர் ரெண்டு ரெண்டாக உருட்டிப் போட்டால் ராகியும் ஏற்றத்தான் செய்யும்.

தம்பிக்கு இறங்கிய 3 கிலோவில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கலாம். ஈரலும் தசையும் மாவுச்சத்தை கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் தங்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். மறுபடி சோறு தின்றால் திரும்பி வரும்.

'மாவுச்சத்து இன்சுலினை ஏற்றும், இன்சுலின் கொழுப்பைப் பூட்டிவைக்கும், அதனால் பசிக்கும்' என்பது மாவுச்சத்தை எமன் என்பவர்கள் தரப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2021இல் இதைச் சோதித்தது. 20 பேருக்கு இரண்டு வாரம் மாவுச்சத்து மிகுந்த, கொழுப்பு குறைந்த சாப்பாடு, இரண்டு வாரம் கீட்டோ சாப்பாடு, அதாவது மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த சாப்பாடு. இரண்டிலும் வேண்டிய மட்டும் தின்னலாம். மாவுச்சத்து வாரங்களில் இன்சுலின் அதிகம்தான். ஆனாலும் கீட்டோ வாரங்களைவிட நாளுக்கு 700 கலோரி அளவுக்குக் குறைவாகவே தின்றார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வும் (2018) உண்டு. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இறங்கினார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

அப்போ கலோரிதான் எல்லாமா? எடை ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கணக்குப்படிதான். ஆனால் எவ்வளவு தின்கிறோம் என்பதைப் பெரும்பாலும் சாப்பாட்டின் வகை தீர்மானிக்கிறது. அதே ஹால் 2019இல் செய்த சோதனையில், மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவில் பரிமாறியும், ஆலைத் தயாரிப்பு உணவு கிடைத்த வாரங்களில் மற்ற வாரங்களைவிட நாளுக்கு 500 கலோரி அதிகமாக உள்ளே போனது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் டீ, மிக்சர் என்று எழுதியிருக்கிறீர்களே, நான் நின்றது அங்கேதான். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீ 80 முதல் 100 கலோரி. ஐந்து குடித்தால் ஒரு பெரிய களி உருண்டையைத் தாண்டிவிடும், வயிறும் நிறையாது. மிக்சர் 100 கிராம் 500 கலோரிக்கு மேல். களி பாவம், பழியை அது சுமக்கிறது.

வேளைக்கு ஒரு உருண்டை போதும். கூட கொள்ளுக் கடைசலோ அவரைக் குழம்போ கீரையோ தாராளமாக, முடிந்தால் ஒரு முட்டையும். டீ இரண்டு, சர்க்கரை பாதி. மிக்சருக்குப் பதில் வேகவைத்த கடலை ஒரு கைப்பிடி. கைப்பிடிதான், பொட்டலம் இல்லை. மாம்பழ சீசனில் பழத்தைக் கண்டு ஓட வேண்டாம்: 100 கிராம் சதையில் 60 கலோரிதான். பாட்டில் ஜூஸ்தான் வேண்டாம். பகல் தூக்கம் அரைகுறையானால் பசி கூடும், அதையும் கவனியுங்கள்.

12 கிலோ ஏறியிருப்பதால் சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தம்பி சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் சோற்றை அடியோடு நிறுத்தியது ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால், சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வரலாம். இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.