முதலில் அந்தக் கதவைத் திறங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஐ.டி. வேலை பார்க்கிறேன். சிறு வயதிலிருந்தே மொழிகள் மீது பைத்தியம். தமிழ், ஆங்கிலம், இந்தி தவிர பிரெஞ்சில் ஏ2, ஜெர்மனில் பி1, ஜப்பானியத்தில் என்4 நிலைப் பரீட்சைகளை முடித்திருக்கிறேன். மொத்தம் ஆறு மொழிகள். ஆனால் பரீட்சை முடிந்த மூன்றாம் மாதமே பாதி மறந்துவிடுகிறது. வீட்டிலும் படிக்கிற சூழ்நிலை இல்லை. 84 வயதுப் பாட்டி காலையிலிருந்து சௌராஷ்ட்ரத்தில் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். எனக்குப் புரியும், பேச வராது. கதவைச் சாத்திக்கொண்டுதான் படிக்கிறேன். ஏழாவதாகக் கொரியன் எடுக்கலாமா, ஸ்பானிஷ் எடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். கொரியனுக்கும் ஸ்பானிஷுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பாட்டிக்கு மூன்று வரி. எனக்கு அந்த மூன்று வரி போதும்.

'படித்ததெல்லாம் மறந்துபோகிறது' என்று மாதம் ஒருவராவது எழுதுகிறார்கள். பேச ஆள் இல்லாவிட்டால் மறக்கத்தான் செய்யும், ஆள் தேடுங்கள் என்று அவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுவேன். உங்களுக்கு அதைச் சொல்ல முடியாது. உங்களுக்கு ஆள் இருக்கிறார். ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். நீங்கள்தான் கதவைச் சாத்துகிறீர்கள்.

ஆறு மொழி என்று எண்ணினீர்களே, அதில் சௌராஷ்ட்ரம் எங்கே? கேட்டால் புரிகிற மொழி எப்படிக் கணக்கில் வராமல் போயிற்று? பாட்டி சான்றிதழ் தருவதில்லை, அதனாலா? பேசினால் அத்தை பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று ஒரு சாக்கு வேறு. ஜெர்மன் வகுப்பில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுகிற டெர், டி, தாஸ் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லி ஃபீஸ் கட்டி அசடு வழிந்திருப்பீர்கள். வீட்டில் இலவசமாக வழியக் கூச்சமா?

ஜப்பானியத்தில் உங்களை மயக்கியது எண்ணும் முறை என்று எழுதியிருந்தீர்கள். தாள், சட்டை என்று தட்டையாக இருந்தால் 'மாய்', பென்சில், குடை என்று நீளமாக இருந்தால் 'ஹோன்'. ரசிக்க வேண்டியதுதான். அதே பக்கத்தில், போகிற போக்கில், பாட்டி அந்தக் காலத்தில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். துணியை விரல் நுனியில் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் பிரித்தால் முடிச்சிருந்த இடமெல்லாம் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போடவேண்டும். அந்த முடிச்சுகளை என்ன சொல்லி எண்ணினார்கள்? கிள்ளுவதற்கு என்ன சொல், இறுக்குவதற்கு என்ன சொல்? நூல் நழுவி உள்ளே சாயம் இறங்கிவிட்டால் வாயில் வந்த வசவு என்ன? மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. அந்த வசவை யார் வாங்கி வைத்திருக்கிறார்கள்?

குஜராத் பக்கமிருந்து கிளம்பி, மராத்தி, கன்னடம், தெலுங்கு என்று வழியெல்லாம் சொல் சேர்த்துக்கொண்டு மதுரைக்கு வந்த பேச்சு அது. மொழிப் பைத்தியம் என்கிறவருக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்ட்ரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2.47 லட்சம் பேர்தான். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளில் அதற்கு இடமில்லை. நீங்கள் ஒருவர் படிக்காவிட்டால் கொரியனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பேச்சு பழைய பஞ்சாங்கமாகத் தோன்றினால் தோன்றட்டும். வேளாவேளைக்குச் சோறு போட்டு, மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் பாஷையில் உட்கார்ந்து 'ம்' கொட்டுவதும் அதில் சேர்த்திதான். ஓயாமல் பேசுகிறார் என்று குறைப்படுகிறீர்கள். பதில் வராத மனுஷி ஓயாமல்தான் பேசுவார்.

நாளைக் காலை ஜெர்மன் சொல் அட்டைகளை அலமாரியில் வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஹாலில் போய் உட்காருங்கள். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் பாட்டியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சௌராஷ்ட்ர எழுத்து 2008இலேயே கணினிக்கான பொது எழுத்துக் குறியீடான யுனிகோடில் வந்துவிட்டது, அதைப் பிறகு பழகிக்கொள்ளலாம். இப்போதைக்குத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்ட முடியாத ஒலிகளுக்கு க, ட, ப போன்ற எழுத்துகளின் தோளில் 2, 3, 4 என்று எண் போட்டு எழுதுகிற வழக்கம் உங்கள் ஆட்களிடமே உண்டு. ம, ன, ல, ர நான்கையும் மூச்சைச் சேர்த்துச் சொல்லும் ஒலிகளுக்குச் சௌராஷ்ட்ர எழுத்தில் தனிக் குறியே இருக்கிறது. வெளியாள் வந்து படித்தால் அதைக் காதில் பிடிக்கவே திணறுவார். உங்களுக்குத் தொட்டிலிலேயே விழுந்த ஒலி.

கொரியனா, ஸ்பானிஷா என்பதைப் பாட்டியிடமே கேளுங்கள். சௌராஷ்ட்ரத்தில் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால், முதலில் அதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.