கேள்வி பதில்: காக்கா எச்சமும் செயற்கைக்கோளும்

வாசகர், பரமக்குடி: இந்தியாவுல எந்த ஊர்ல எவ்ளோ வெயில் அடிக்குதுன்னு செயற்கைக்கோள வச்சு மேப் போட்டிருக்காங்களாமே, 36,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறதுக்கு எங்க ஊர் வெயில் எப்டிங்க தெரியும்?

தெரியாதுங்க. அது வெயில அளக்கவே இல்ல, மேகத்தத்தான் பாக்குது. மேகமே இல்லாத நாள்ல பரமக்குடில எவ்ளோ வெயில் விழும்னு சூரியன் நிக்கிற கோணம், காத்துல இருக்கற தூசி, ஈரம் இதெல்லாம் வச்சு உக்காந்த இடத்துலயே கணக்கு போட்டுரலாம், மேகம் அதுல எவ்ளோ மறைச்சுதுங்கறதுக்குத்தான் மேல ஒரு கண்ணு வேணும். ஒரே இடத்த தெனம் ஒரே நேரத்துல எடுத்த படங்கள ஒரு மாசத்துக்கு அடுக்கி வச்சா, அதுல ரொம்ப கருப்பா இருக்கறது வெறும் தரை, அதவிட வெளுப்பா தெரியறதெல்லாம் மேகம், வெளுப்புக்குத் தக்கன வெயில்ல கழிச்சுக்குவாங்க. சூரியன், காத்து மாதிரி தீராத மின்சாரத்த ஆராயற அமெரிக்காவோட என்ஆர்இஎல் ஆய்வகம் நம்ம மத்திய அரசோட சேந்து 10 கிலோமீட்டர் கட்டமா போட்ட மேப்பு, இந்தியப் பெருங்கடலுக்கு மேல நின்ன மீட்டியோசாட் 5, 7ங்கற ஐரோப்பிய வானிலை செயற்கைக்கோள்க எடுத்த படங்கள வச்சு இப்டி வந்ததுதான்.

ஆனா ஐப்பசி கார்த்திகைல அடைமழை புடிச்சுதுன்னா தரையே சரியா கண்ணுல படாது, மேகத்தையே தரைன்னு எடுத்துக்கும். உப்பளம் பக்கம் போனா உல்டா, வெள்ளைத் தரைய மேகம்ங்கும். அதனால கீழயும் கருவி வேணும்னு 2011ல நாடு முழுக்க 51 எடத்துல வெயில அளக்கற நிலையம் வச்சாங்க, வச்சது சென்னை பள்ளிக்கரணைல இருக்கற மத்திய அரசோட காத்தாலை ஆராய்ச்சி நிறுவனம், வெயிலையும் அவங்க தலைலயே கட்டிட்டாங்க!

கீழ இருக்கற கருவியும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. பைரனோமீட்டர்னு பேரு, கண்ணாடிக் குமிழுக்குள்ள ஒரு கருப்பு வில்லை, அது சூடாகறத வச்சு வெயில சொல்லும். ஒரு காலேஜ் மொட்டை மாடில இருந்த கருவி மதியம் திடீர்னு வெயில் கொறஞ்சிடுச்சுங்குது, செயற்கைக்கோள் படத்துல பொட்டு மேகம் இல்ல, மேல ஏறிப் பாத்தா குமிழ் மேல காக்கா எச்சம்.

வாசகி, திருநெல்வேலி: எந்த மாநிலத்துல எவ்ளோ சூரிய மின்சாரம் எடுக்கலாம்னு 2014ல மத்திய அரசு விட்ட பட்டியல்ல ராஜஸ்தானுக்கு 142 கிகாவாட், தமிழ்நாட்டுக்கு வெறும் 17.67 தானா? நம்ம ஊர் வெயிலுக்கு என்னா கொறச்சல்?

வெயிலுக்கு கொறச்சலே இல்லம்மா, தரிசுக்குத்தான் கொறச்சல். தரிசு நிலத்துல நூத்துக்கு 3 பங்குல பேனல் போட்டா எவ்ளோ வரும்னு வச்சுகிட்டு போட்ட கணக்கு அது, நாட்டுக்கு மொத்தம் 748 கிகாவாட்னு வந்துச்சு. தரிசு எங்க ஜாஸ்தியோ அங்க நம்பர் ஜாஸ்தி, அதான் லடாக்கையும் சேத்து வச்சிருந்த ஜம்மு காஷ்மீர் 111 கிகாவாட்டோட ரெண்டாவது எடத்துல நிக்குது! நம்ம மாநிலத்துல ஏற்கனவே 9 கிகாவாட்டுக்கு மேல பேனல் ஏறியாச்சு, அப்போ பாதி தீந்துபோச்சான்னா, அப்டி இல்ல. 3ங்கறத 6ன்னு மாத்துனா நம்பரும் டபுள் ஆயிரும், அவ்ளோதான் அந்தப் பட்டியல். என்னக் கேட்டா அத 'வெயில் பட்டியல்'னு சொல்றதே தப்பு.

இன்னொண்ணு, பேனலுக்கு வெளிச்சம் வேணும், சூடு ஆகாது. பேனலோட சூடு 25 டிகிரிக்கு மேல போனா ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் நூத்துக்கு 0.4 மாதிரி கொறையும், சித்திரைல பேனல் 60 டிகிரி தொட்டா 14 பங்கு காலி.

வாசகர், கரூர்: எங்க வீட்டுக்கு பேனல் போட இந்த மேப் போதுமா?

உலக வங்கி 2017ல கொண்டாந்த குளோபல் சோலார் அட்லஸ் இருக்கு, ப்ரீதான், உங்க தெருவ தொட்டா வருஷத்துக்கு எத்தன யூனிட் வரும்னு காட்டும். வருஷக் கணக்க நம்பலாம், இன்னிக்கு மதியம் 2 மணிக்கு எவ்ளோன்னுலாம் போனா நல்லாவே தப்பும். உங்க வாட்டர் டேங்க் நிழல் எங்க விழுதுன்னு அதுக்குத் தெரியாது, காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா நீங்களே மாடிக்கு ஏறிப் பாத்துருங்க.