கடலோரத்தில் தங்கிப் படிக்கும் மருத்துவ மாணவர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சாயல்குடிப் பக்கத்திலிருந்து தொண்டி வரை ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பாதிக் காலம் மருத்துவ மாணவர்களை ஊரில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முதலாம் ஆண்டு மாணவர்: எங்களுக்குக் குடும்பத் தத்தெடுப்பு என்று, தொடர்ந்து கவனித்துவர ஆளுக்கு மூன்று குடும்பம் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போய் பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடுகிறோம். மாதக்கணக்கில் தங்கினால் மட்டும் புதிதாக என்ன தெரிந்துவிடும்?

தம்பி, ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். நாட்டுப்படகில் போகிறவர், ஐம்பது வயது. எப்போது வந்தாலும் பிரஷர் 170க்குக் கீழே இறங்காது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றால் சாப்பிடுகிறேன் என்பார். நானும் டோஸைக் கூட்டிக்கொண்டே போனேன். எங்களிடம் ஆறு மாதம் தங்கியிருந்த ஒரு பெண் மூன்றாவது மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், அவர் வலையைப் பிரித்துக்கொண்டே பேசுகிறார். நாங்கள் கொடுத்ததில் ஒன்று சிறுநீரை அதிகமாகப் போகவைக்கிற மாத்திரை. ராத்திரி முழுக்கப் படகில் அந்த அவஸ்தை முடியாது என்று, தொழிலுக்குப் போகிற நாளெல்லாம் எல்லா மாத்திரையையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறார். டாக்டரம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொன்னார், ஏனென்றால் அவள் ஏழாவதோ எட்டாவதோ முறையாக அந்தத் திண்ணைக்கு வந்திருந்தாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தோம், இரண்டு மாதத்தில் பிரஷர் இறங்கியது. ஒருநாள் போய்வருகிறவருக்கு 170 என்ற எண் கிடைக்கும், அது ஏன் 170 என்பது கிடைக்காது.

இது புது யோசனையும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகம் 1971லிருந்தே மாணவர்களை ஒன்பது மாதம் சின்ன ஊர்களில் தங்கவைக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997ல் ரிவர்லேண்ட் என்ற கிராமப் பகுதியில் ஒரு முழு வருடப் படிப்பையே நடத்த ஆரம்பித்தது. மெடிசின் இரண்டு மாதம், சர்ஜரி இரண்டு மாதம் என்று துண்டு துண்டாக இல்லாமல், பிரசவம், காய்ச்சல், காயம் எது வந்தாலும் அதே ஊரில் அதே ஆட்களிடம் படிப்பது. நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் இருக்கிறது, மேல்படிப்பு மாணவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம். அந்த 12 வாரத்தையும் மூன்று நான்கு இடங்களுக்குப் பிய்த்துப் போடாமல் ஒரே ஊரில் இருக்கவிட்டாலே பாதி நன்மை வந்துவிடும் என்பது என் எண்ணம்.

கடைசி ஆண்டு மாணவி: ஆறு மாதம் ஊரில் உட்கார்ந்துவிட்டால் மேல்படிப்புக்கான நீட் பிஜி பரீட்சைக்கு எப்படிப் படிப்பது? பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் முந்திவிடுவார்களே?

பயம் நியாயமானதுதான்மா. ரிவர்லேண்டில் தங்கிப் படித்தவர்களின் பரீட்சை மதிப்பெண்ணை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படித்தவர்களோடு ஒப்பிட்டு 2004ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது, கிராமத்தில் இருந்தவர்கள்தான் முன்னேறியிருந்தார்கள். அது சின்னக் குழு, எல்லாவற்றுக்கும் அதையே ஆதாரமாகக் காட்டமாட்டேன். ஆனால் காரணம் புரிகிறது. வார்டில் ஒரு நோயாளியைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்கும்போது பின்வரிசையில் இருப்பவருக்கு என்ன கேட்கும்? இங்கே நோயாளிக்கு எதிரே நீ ஒருத்திதான். ராத்திரி படிக்க நேரமும் நெட்டும் வேண்டும், அதைக் கல்லூரியிடம் கேட்டு வாங்கு.

மகளை அனுப்பத் தயங்கும் ஒரு அம்மா, பரமக்குடி: தங்குகிற இடம் பாதுகாப்பாக இருக்குமா?

இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். இரண்டு பேராவது சேர்ந்து தங்கவேண்டும், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ராத்திரி கூப்பிட்டால் எடுக்கிற ஒரு ஆசிரியர் நம்பர், இந்த மூன்றையும் நேரில் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். ஊர்க்காரர்களைப் பற்றி எனக்குப் பயம் இருந்ததே இல்லை. பூட்டு ரிப்பேர் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிற அலுவலகங்களோடுதான் சண்டை போட்டிருக்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மீனவர்: எங்கள் மேல் கைபழகவா பிள்ளைகளை அனுப்புகிறீர்கள்?

அண்ணே, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கத்தான் வேண்டும். மாணவர் பார்க்கலாமா என்று முதலில் உங்களிடம் கேட்கவேண்டும், வேண்டாம் என்றால் அதற்காக வைத்தியம் ஒரு இம்மியும் குறையக்கூடாது. மாணவர் தன்னிச்சையாக மருந்து எழுதக்கூடாது, பக்கத்தில் டாக்டர் இருக்கவேண்டும். இது நடக்காத இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, வந்து போகிற பிள்ளை கேட்டுக்கொண்ட விஷயத்தை ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று ஊரே நிபந்தனை போடலாம். நாங்கள் தங்கவைத்த ஊர்களில் போட்டார்கள், நல்லதாகவே முடிந்தது.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒருவர்: காலையில் 150 ஓபி. இதில் எங்கே சொல்லிக்கொடுப்பது?

டாக்டர், பக்கத்தில் ஒரு அறையும் ஒரு மேஜையும் தயார் செய்துகொள்ளுங்கள். மாணவர் அங்கே ஒரு நோயாளியை முதலில் பார்க்கட்டும், நீங்கள் உங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அவர் முடித்ததும் நோயாளி முன்னாலேயே மூன்று நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் திருத்துங்கள். முதல் இரண்டு மாதம் தாமதமாகத்தான் ஆகும். அப்புறம் அவர் உங்களுக்கு ஒரு கை. ஒரு வாரத்துக்கு மட்டும் வருகிறவரிடம் இந்தப் பலன் கிடைக்கவே கிடைக்காது.

பலர் கேட்டது: நம் கடலோரத்துக்கென்று தனியாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

எவ்வளவோ. திருக்கை முள் குத்தி வருவார்கள், வலியில் துடிப்பார்கள். பொறுக்கிற சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரியில், தண்ணீரில் குத்துப்பட்ட காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையை விட்டுப் பார்க்கவேண்டும், மரத்த கால் வெந்துபோனால்கூடத் தெரியாது. உள்ளே முள் ஒடிந்திருக்கிறதா என்று பார்த்து, டிடி ஊசியும் போடவேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் 108ல் ஏற்றவேண்டும்.

கம்ப்ரஸர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மூழ்குகிறவர் தோள் வலி, கால் மரத்துப்போகிறது என்று வந்தால், எத்தனை பாகம் (கடல் ஆழத்துக்கான அளவு) இறங்கினீர்கள், எத்தனை தடவை, எவ்வளவு வேகமாக மேலே வந்தீர்கள் என்று கேட்காமல் வலி மாத்திரை கொடுத்து அனுப்புவது பெரிய தப்பு. வேகமாக மேலே வந்ததில் உடம்புக்குள் காற்றுக் குமிழி உண்டாகியிருக்கலாம்.

கடற்பாசி எடுக்கிற அக்காக்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். ஒரு மாணவர் ஒரு அக்காவுக்கு ஆயின்ட்மென்ட் எழுதி, கை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் கரையில் அதே அக்கா துணியை அவிழ்ப்பதைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, பவளப்பாறை கிழித்த கோடுகள், நகக்கண்ணில் ரத்தம். அன்று மாலை அவர் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கி வேறு எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிகள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. வட்டிக்கு வாங்குவது, குடி, அடிபட்டு வரும் மனைவி, சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது எல்லாம் அப்போது தெரியும். தொழில் நடக்கிற மாதத்தையும் தடைக்காலத்தையும் ஒரே மாணவர் பார்க்கவேண்டும், ஆறு மாதம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் ஏர்வாடி, மனநோய் உள்ளவர்களைக் குடும்பங்கள் அழைத்துவருகிற தர்கா இருக்கும் ஊர். 2001 ஆகஸ்ட் 6ல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அதற்குப் பிறகு தர்காவிலேயே பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்க ஏற்பாடானது. இந்த மாவட்டத்தில் படித்துவிட்டு அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து குடும்பங்களோடு பேசாமல் ஒரு டாக்டர் வெளியே போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆசிரியர் ஒருவர், கீழக்கரை: படித்து முடித்தவர்கள் இங்கே தங்குவார்களா?

எல்லோரும் தங்கமாட்டார்கள் சார். கிராமத்தில் பிறந்தவர்களைச் சேர்த்து, கிராமத்திலேயே பயிற்சியும் கொடுத்தால் தங்குவதற்கு வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010லேயே சொல்லிவிட்டது. நம்மிடம் 2020லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, 2022லிருந்து ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. உங்கள் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை போனால் அதுவே பெரிய ஆரம்பம். வந்த பிறகு குவார்ட்டர்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளி, மேல்படிப்பு வழி, இதெல்லாம் இல்லாமல் தியாகம் செய் என்று மட்டும் சொன்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

அடுத்த மாதம் போகப்போகிற ஒரு மாணவர்: முதல் வாரம் என்ன செய்யட்டும்?

வைத்தியம் ஒன்றும் செய்யாதே. கிராம சுகாதார செவிலியர் அக்காவோடு தெருத்தெருவாக நட, அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. விடியற்காலையில் படகு கரைக்கு வரும்போது அங்கே நில். ஒரு குடம் குடிதண்ணீர் என்ன விலை, லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள். கல்லடைப்பு என்று வருகிறவரிடம் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள் என்று நீ சொல்லப்போகிறாய், அவர் வீட்டில் ஐந்து பேர்.